பாக்கியம் அம்மாள் தீர்ப்புச் சொன்ன படம்

வாயை வைத்துப் பிழைத்தவள் நான். அரசியலில் இல்லை, வக்கீல் தொழிலிலும் இல்லை. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளர்களுக்காக நடக்கும் ஒரு மன்றத்தில், இத்தாலி நாட்டுப் படங்களைத் திரையில் ஓடவிட்டு, அதில் வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் மைக்கில் தமிழில் சொல்வது என் உத்தியோகம். பணி ஓய்வு பெறும்வரை அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதை இன்னும் நம்பவில்லை. நான் எங்கேயோ பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்ததாகத்தான் என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மன்றத்தை இப்போது நடத்துகிறவர்கள் பவித்ராவும் அவளுடைய கூட்டாளிகளும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து படத்துக்கு அடியில் தமிழ் எழுத்தை ஓடவிடுகிறார்கள். அருமையாகச் செய்கிறார்கள். "மைக்கு போயிடுச்சேன்னு வருத்தமா இருக்குதாக்கா?" என்று ஒருநாள் பவித்ரா கேட்டாள். எனக்கென்ன வருத்தம்? தொண்டை மிச்சம். நான் பேசிய காலத்தில் காது கேளாதவர்கள் வெறும் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது அவர்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள்.

போன மாதம் அவர்களுக்குள் ஒரு தகராறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்து இத்தாலியப் படங்களில் பாதிப் பெண்கள் கருப்பு உடுப்பிலேயே வருகிறார்கள் அல்லவா, அது துக்கத்துக்கு உடுத்துவது என்று கீழே ஒரு வரி போடவேண்டுமா, வேண்டாமா? போடவேண்டும் என்று ஒரு கட்சி, பார்க்கிறவர்கள் தாங்களாகப் புரிந்துகொள்ளட்டும் என்று இன்னொரு கட்சி. என்னிடம் பஞ்சாயத்து வந்தது. நேரில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவார்கள் என்பதால் எழுதித் தருகிறேன். குறுக்கே பேச முடியாத இடம் இதுதான்.

விருத்தாசலத்துக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பீங்கான் சுடும் உலைதான் சம்பந்தம். எங்கள் ஊர்க் கம்பெனி ஒன்று அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து உலை வாங்கியது. அதைப் பொருத்த வந்த இன்ஜினியர் மழைக்காலம் முழுவதும் இங்கேயே தங்கிவிட்டார். நம் மழையும் ஒத்துக்கொள்ளவில்லை, சாம்பாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பொழுது போகாமல் ஊரிலிருந்து படச்சுருள்களை வரவழைத்தார். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியோடு மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். போன பிறகும் வருஷா வருஷம் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். சுருள் போய் வட்டு வந்தது, வட்டு போய் பென் டிரைவ் வந்தது. படங்கள் மட்டும் அதே கருப்பு வெள்ளைதான்.

இடிந்த சுவர்கள். வேலை தேடி அலையும் ஆண்கள். செத்தவர்களை மனதில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டும் பெண்கள். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. இந்தப் படங்கள் எங்கள் சனங்களுக்குப் பிடித்துப்போனது எப்படி என்று யோசித்திருக்கிறேன். அந்தப் படங்களில் எல்லோருக்கும் துக்கம் இருக்கும், கொஞ்சம் இரக்கமும் இருக்கும், இரண்டையும் அமுக்கிக்கொண்டு ஊர்ப்பேச்சு மேலே உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவும் அப்படித்தான்.

என்னை இந்த வேலைக்கு எடுத்தவர் மன்றத்தின் அப்போதைய பொறுப்பாளர் சிவஞானம் சார். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், கோயில் குடும்பம். பீங்கானுக்குப் பூசும் மெருகுக் கலவையில் கெட்டிக்காரர், படத்தில் பைத்தியம். நான் அப்போது பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பிரிவில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில், பார்த்த படத்தை அப்படியே நடித்துக் கதை சொல்வேன். அதை ஒருநாள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கியா? படத்துக்கு அடியில வர்ற இங்கிலீஷ் புரியுமா?" என்றார். புரியும் என்றேன். பாதிதான் புரியும் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தார். மீதியை அகராதியும் அவருடைய அதட்டலும் கற்றுக்கொடுத்தன.

அவருடைய முறை ஒன்று உண்டு. எந்தப் படமானாலும் முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். அடுத்து, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்கவேண்டும். மூன்றாவதாகத்தான் எழுத்தைப் படிக்க விடுவார். "மொகம் என்ன சொல்லுதுன்னு தெரியாம வாய் என்ன சொல்லுதுன்னு பாக்காத" என்பார். அப்புறம் நான் பேசிக்காட்ட வேண்டும். திரையில் இருப்பவர் பேச ஆரம்பித்த பிறகுதான் என் குரல் எழவேண்டும், அவர் முடித்ததும் நானும் முடித்துவிட வேண்டும். படம் பார்க்கிறவர் யாராவது வாய்விட்டுப் பேசினால் அவர்மேல் விழுந்து பேசக் கூடாது. படத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாத எதையும் நான் சொல்லக் கூடாது. "பாவம், அவள் மிகவும் வருந்தினாள்" என்று ஒருதரம் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு அவர் என்னிடம் பேசவே இல்லை. பேசாமல் இருப்பதுதான் அவர் திட்டும் விதம்.

மைக்கோடு என்னைக் கூட்டத்துக்குப் பின்னால் உட்காரவைப்பார். ஒலிபெருக்கியைத் திரைக்கு அடியில் வைப்பார். அப்போதுதான் சனங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்களாம், திரையே தமிழ் பேசுவதாக நினைப்பார்களாம். காட்சி முடியும்வரை அவர் உட்காரமாட்டார். புரொஜெக்டர் பக்கத்தில் நின்றபடி, கண்ணாடியில் சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சு ஒன்றைக் கையில் வைத்திருப்பார். ஒருதரம் மினுக்கினால் வேகத்தைக் குறை. இரண்டுதரம் மினுக்கினால் வாயை மூடு. பேசு என்பதற்கு அவரிடம் சைகையே கிடையாது. பேச்சு போதவில்லை என்று அவர் என்னைப்பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து எங்கள் மன்றத்தை ஒட்டிய பொம்மைக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள் அமுதா. கொலு பொம்மைக்குக் கண் எழுதுவாள். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் தீட்டலாம், கண் மட்டும் நடுங்காத கை உள்ளவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் மன்றத்துக்கு வந்து ஒரு படம் விடாமல் பார்ப்பாள். புருஷன் பைக்கில் போகும்போது விபத்தில் இறந்துபோனான். கருமாதி முடிந்தது, அத்தோடு அமுதாவும் வீட்டுக்குள் போனவள்தான். வருஷம் திரும்புகிற வரைக்கும் வாசற்படி தாண்டக் கூடாது என்று மாமியார் பாக்கியம் அம்மாள் சொல்லிவிட்டார். கொழுந்தனும் அதையே சொன்னான்.

கொலு சீசன் நெருங்கிவிட்டது. கம்பெனியில் பொம்மைகள் கண்ணில்லாமல் வரிசையாக நின்றன. முதலாளி நல்லவர்தான், ஆனால் ஆர்டர் காத்திருக்காது. "வர்ற திங்கக்கெழம அமுதா வந்தா வரட்டும். இல்லன்னா வேற பொண்ண எடுத்துக்குறேன், என்னத் தப்பா நெனைக்காதீங்க" என்று என்னிடம் சொன்னார். கண் எழுதும் இடம் ஒருமுறை கைமாறினால் அவ்வளவுதான், திரும்பக் கிடைக்காது.

நான் நேராக அமுதாவின் வீட்டுக்குப் போனேன். அவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். பாக்கியம் அம்மாள்தான் பேசினார்.

"யாரு, படம் காட்டுறவளா? ஒக்காரு. தண்ணி குடி. வேலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாத."

"அவளுக்கு அந்த வேல போச்சுன்னா வேற வேல கெடைக்காதும்மா."

"போவட்டும். செத்தது எம் புள்ள. அவன் போயி வருசம்கூட ஆவல, பொண்டாட்டி பவுடர் போட்டுக்கிட்டு பஸ்ஸு ஏறுனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க? என்னத்தான் காறித் துப்புவாங்க."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நான் புறப்படும்போது அமுதாவின் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து, "ஒரு வாயாச்சும் துன்னுடி" என்று கெஞ்சியதை நான் கேட்டேன். மருமகள் துக்கத்தில் இருக்கும்வரை மகன் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை என்று அந்தத் தாய் நினைத்திருக்க வேண்டும். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம்தான் அதிகம்.

எங்கள் மன்றம் மாதம் ஒரு கிராமத்தில் படம் போடுவது வழக்கம். இந்த மாதம் அமுதாவின் ஊரில், அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே போடலாம் என்று சாரிடம் கேட்டேன். எந்தப் படம் என்பதையும் நானே சொன்னேன். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'கருப்புத் துணிப் படம்'. சார் என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்த வீட்டுக்காக அந்தப் படமா?"

"நல்ல படம் சார்."

"நல்ல படந்தான். ஆனா படம் பாக்குறதுக்குத்தான். யாரையும் திருத்துறதுக்கு இல்ல. மைக்குல ஒரு வார்த்த கூடுதலா வந்துச்சோ, வயர உருவிடுவேன்."

கதையைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் ஒரு சிற்றூர், போர் முடிந்த சமயம். அசுந்தா என்று ஒரு இளம்பெண். புருஷன் போரில் செத்துவிட்டான். மாமியாரோடு இருக்கிறாள். அதே தெருக்கோடியில் ஒரு வயதான தாய். அவளுடைய மகன் எதிரிகளுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்பதால் ஊர் அவளை ஒதுக்கிவைத்திருக்கிறது. கடையில் அவளுக்கு ரொட்டி விற்கமாட்டார்கள், கிணற்றடியில் அவளைக் கண்டால் விலகிப்போவார்கள். அசுந்தா ஒளித்து ஒளித்து அவளுக்கு ரொட்டி கொண்டுபோகிறாள். மாமியார் கண்டுபிடித்துக் கதவைப் பூட்டுகிறாள். அந்தத் தாயின் மகன் பிணமாக ஊருக்கு வருகிறான், தூக்க ஆள் இல்லை. அசுந்தா தன் கருப்பு உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் உடுத்திய பழைய வெளிர் உடுப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். அதுதான் படத்தின் உச்சம்.

இதில் ஒரு சங்கதி. புருஷன் செத்துவிட்டான் என்று படத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சுவரில் ஆணியில் ஒரு பட்டாளத் தொப்பி தொங்கும், அவ்வளவுதான். மீதியை அந்தக் கருப்பு உடுப்பு சொல்லிவிடும் என்று படம் எடுத்தவர் விட்டுவிட்டார். எங்கள் மன்றத்துச் சனங்களுக்கு இத்தாலிக்காரர்களின் கருப்பு பழகிப்போயிருந்தது. எனக்கும் சாருக்கும் அது இட்லிக்குச் சட்னி மாதிரி பழக்கம். அதனால் கிராமத்தில் அது புரியாமல் போகலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அமுதாவின் வீடு இருந்த தெருவில், கோயிலுக்கு முன்னால் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினோம். பொழுது சாய்ந்ததும் சனம் கூடிவிட்டது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பாக்கியம் அம்மாள் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். அந்தத் தெருவில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது, எந்தச் சண்டைக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடங்கும். அமுதா கூட்டத்துக்கு வரக் கூடாது. திரைக்கு அந்தப் புறம் அவள் வீட்டு வாசல் இருந்தது. வாசற்படிக்கு உள்ளே நின்றபடி பார்த்தாள். துணித் திரை என்பதால் பின்னாலிருந்தும் படம் தெரியும், இடம் வலமாக மாறித் தெரியும். நான் மைக்கைப் பிடித்துக் கடைசியில் உட்கார்ந்தேன்.

படம் ஓட ஆரம்பித்தது. சனங்கள் ஒன்றிவிட்டார்கள். கிராமத்தில் படம் போடும்போது யாரும் மனதுக்குள் பார்ப்பதில்லை, வாயாலும் பார்ப்பார்கள். அசுந்தா முதல்முறை ரொட்டியைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு போனபோது, "நல்ல மனசு பொண்ணுக்கு" என்று ஒரு குரல். மாமியார் வழிமறித்து, "நம்ம வீட்டுப் பெண் இப்படித் தெருவில் நடக்கக் கூடாது" என்றாள். நான் அதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

அப்போதுதான் பாக்கியம் அம்மாளின் பக்கத்தில் இருந்த பெண் உரக்கச் சொன்னதைக் கேட்டேன்.

"புருசன் மிலிட்டரில இருக்கான் போலிருக்குது. அதான் தொப்பி மாட்டி வெச்சிருக்காங்க. அவன் ஊருல இல்லாத தைரியத்துல மாமியாக்காரி ஆட்டம் போடுறா."

"ஆமா, கழுத்துல தாலி கெடக்குது பாரு" என்றார் பாக்கியம் அம்மாள். "சின்னதா இருக்குது. வெளிநாட்டுத் தாலி."

அசுந்தாவின் கழுத்தில் இருந்தது சிலுவை போட்ட மெல்லிய சங்கிலி. அதைத் தாலி என்று எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் புருஷனை இழந்தவள் என்றால் வெறும் கழுத்து, வெள்ளைச் சேலை. இவளோ கழுத்தில் சங்கிலியோடு நல்ல கருப்பு உடுப்பில் நிற்கிறாள். ஒட்டுமொத்தத் தெருவும் அவளைச் சுமங்கலி என்று முடிவுகட்டிவிட்டது. அதைவிட மோசம், கடைசியில் அவள் வெளிர் உடுப்பை மாட்டப்போகிறாள். கருப்பு வெள்ளைப் படத்தில் அது பாலாய் வெளுத்துத் தெரியும். சனங்கள் அதைப் பார்த்து, புருஷன் செத்த சேதி வந்துவிட்டது, பாவம், வெள்ளை கட்டிக்கொண்டாள் என்பார்கள். துக்கத்தை விட்டு வெளியே வருகிறவளை, துக்கத்துக்குள் போகிறவளாகப் பார்ப்பார்கள். நான் அமுதாவுக்காகக் கொண்டுவந்த படம் அவளுக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிடும்.

சாரும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டார். டார்ச்சு மினுங்கியது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம், அப்புறம் நிற்கவே இல்லை. சொல்லு என்பதற்குச் சைகை வைத்துக்கொள்ளாத மனுஷன், தீபாவளிக்கு மத்தாப்பு பிடித்த மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்யச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. உடனே திருத்து என்கிறார்.

நானும் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் திரையில் மாமியார் கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டுவிட்டாள். முன்வரிசையில் பாக்கியம் அம்மாள் முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"மாமியாளா இவ? ராட்சசி! வந்த பொண்ண வூட்டுல போட்டுப் பூட்டுறதுக்கு அது என்னா ஆடா, மாடா? பசிக்குதுன்னு கெடக்குற ஒருத்திக்கு ஒரு வாய் ரொட்டி குடுக்கத்தான போறா? ஊரு சிரிக்குமாமே, ஊரு! ஊரா வந்து இவளுக்குச் சோறு போடப் போவுது? தொறந்து வுடுடி கதவ!"

தெருவே கைதட்டியது. ஆண்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் மூடிக்கொண்டேன், அதற்காக இன்றுவரை நான் கடுகளவும் வருத்தப்பட்டதில்லை. எங்கள் தெருக்களில் ஒரு தீர்ப்பு பாதியில் இருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை. சார் டார்ச்சை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரையில் அசுந்தா பெட்டியைத் திறந்தாள். வெளிர் உடுப்பை வெளியே எடுத்தாள். இனி ஒரு நொடி தாமதித்தாலும் கெட்டுவிடும். மைக்கில், கதாபாத்திரங்களுக்குப் பேசும் அதே குரலில் சொன்னேன்:

"அந்த ஊருல புருசன் செத்தவங்கதான் கருப்பு உடுத்துவாங்க. அசுந்தாவோட புருசன் போருல செத்துட்டாரு. கழுத்துல இருக்குறது தாலி இல்ல, சாமி சங்கிலி. இவ்வளவு நேரமும் அவ துக்கத்துலதான் இருக்கா. அதனாலதான் மாமியா பூட்டுறாங்க."

சார் படத்தை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையும் நடுவில் நிறுத்தியவர் இல்லை. அசுந்தா அந்த உடுப்பை மார்போடு அணைத்தபடி திரையில் அப்படியே நின்றாள்.

பிறகு ஒவ்வொரு தலையாகப் பாக்கியம் அம்மாள் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெண் 'களுக்' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பாக்கியம் அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். இவ்வளவு பெரிய கூட்டத்தில் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த என்னை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது.

"எனக்குன்னே கொண்டாந்த படமா இது?"

சார் சொன்னதெல்லாம் காதில் ஓடியது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

அவர் எழுந்தார். சேலையை உதறினார். திரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டோம், இனி அந்த வாசற்கதவும் சாத்தப்படும், திங்கட்கிழமை போய்விட்டது என்று நினைத்தேன். என் வாயால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று மைக்கைக் கீழே வைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து பேச்சுக் கேட்டது.

"இங்கேந்து எம்மாம் நேரமா பாக்குற?"

"மொதல்லேந்தே பாக்குறேன் அத்த. இங்கேயே நின்னுக்குறேன்."

"அவ ரொட்டி எந்தக் கையில வெச்சிருந்தான்னுகூடச் சரியாத் தெரியாது இங்கேந்து. வா."

அமுதாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாக்கியம் அம்மாள் வெளிச்சத்துக்கு வந்தார். தன் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணை முழங்கையால் நகர்த்திவிட்டு அமுதாவை உட்காரவைத்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து கொழுந்தன் எழுந்தான்.

"யம்மா, என்னா இது? நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"நாலு பேரும் இங்கதாண்டா ஒக்காந்திருக்காங்க. இப்பவே கேட்டுடு."

அவன் சுற்றிப் பார்த்தான். கைதட்டி இன்னும் சூடு ஆறாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வார்கள்?

"நான் சொன்னது சொன்னதுதான்" என்றார் பாக்கியம் அம்மாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "கருப்பு கட்டுனா என்னா, வெள்ள கட்டுனா என்னா. தெரியாம சொல்லிட்டேன்னு மாத்திப் பேசுற பொம்பள இல்ல நானு. எம் புள்ளைக்கு எது மரியாதன்னு எனக்குத் தெரியும்." பிறகு சாரைப் பார்த்து, "படத்த வுடுங்க சாரு. அந்தப் பொண்ணு துணிய வெச்சிக்கிட்டு எம்மாம் நேரம் நிக்கும்?" என்றார்.

அசுந்தா தெருவில் இறங்கி, பிணம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் தனியாக நடந்தபோது, முன்வரிசையில் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். செத்தவனுக்காகச் சேர்ந்து அழுதது அன்றுதான் முதல்தரம் என்று அமுதா பிற்பாடு சொன்னாள். அதுவரை வீட்டின் ஒரு மூலையில் இவளும் இன்னொரு மூலையில் அவருமாக அழுதிருக்கிறார்கள். நான் அந்தக் காட்சியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டார்ச்சும் மினுங்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் சார் கேட்டார்: "நான் காட்டுனதும் ஏன் சொல்லல?"

"அந்தம்மா பேசிக்கிட்டு இருந்தாங்க சார். ஒருத்தர் பேசுறப்போ மேல விழுந்து பேசக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க?"

அவர் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுகிறார் என்று நினைத்தேன். பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அவரிடம் வாங்கிய பாராட்டு என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான், அது போதும்.

ஆகவே பவித்ரா, கருப்புக்கு அர்த்தம் போடுங்கள். எந்த இடத்தில் போடுவது என்பதை மட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பார்க்கிறவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முதல் காட்சியிலேயே நான் சொல்லித் தொலைத்திருந்தால் பாக்கியம் அம்மாள் அந்தத் திரை மாமியாரோடு சேர்ந்துகொண்டிருப்பார்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் நான் நின்றேன். கம்மாபுரம் பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியவர் பாக்கியம் அம்மாள். பின்னால் அமுதா. வாசலில் இருந்த மேஸ்திரி சும்மா இருக்காமல், "என்னாம்மா, வருசம் திரும்பல போலிருக்குதே?" என்று கேட்டுவைத்தார்.

"அதச் சொல்ல வேண்டியவ நானு. நானே கூட்டியாந்திருக்கேன். நீ எதுக்கு எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்க? வழி வுடு."

அமுதா உள்ளே போனாள். பொம்மைகள் இருக்கும் கூடத்தில் பெண்கள் 'ஓ'வென்று கத்தியது வாசல்வரை கேட்டது. எனக்கு மைக்கைப் பிடித்து விருத்தாசலம் முழுக்கக் கேட்கும்படி நானும் கத்தவேண்டும் போலிருந்தது.

பாக்கியம் அம்மாள் வீட்டுக்குத் திரும்பவில்லை. முதல் நாள் என்பதால் சாயங்காலம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் போவோம் என்று சொல்லிவிட்டார். மன்றத்துக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை, ஒரு படம் போடச் சொன்னார். அவர் ஒருவருக்காக இன்னொரு இத்தாலியப் படத்தை ஓடவிட்டு, மைக் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையின் ஓரத்தில், கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண் கருப்பு உடுப்பில் கூடையோடு நடந்துபோனாள். பாக்கியம் அம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"இவளுக்கும் புருசன் இல்ல போலிருக்குதே?"

"ஆமாம்மா."

"வேலைக்குப் போறாளா?"

"போறாங்கம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி டம்ளரைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.